விட்டுப்போன ஐந்தாவது படம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் தானாக உதிக்கவில்லை. சிறுவர் இதழின் பொறுப்பாளர் தொலைபேசியில் கேட்டார்: நட்சத்திரங்களின் வாழ்க்கை பற்றி அறுநூற்றைம்பது சொல்லில் ஒரு கதை. பிறப்பு வரலாம், வளர்ச்சி வரலாம், விண்மீன் கூட்டங்கள் தாராளமாக வரலாம். ஆனால் யாரும் சாகக் கூடாது, நட்சத்திரம் உட்பட. படிப்பது சின்னப் பிள்ளைகள் அல்லவா என்றார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். தொலைபேசியில் தலையாட்டினால் சாட்சி இல்லை.

2.

முதல் தொடக்கம்: 'ஒரு குட்டி நட்சத்திரம் இருந்தது. அது என்றென்றைக்கும்—'

பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'வயதான நட்சத்திரம் ஒருநாள் தூங்கப் போனது. பிறகு அது எழுந்திருக்கவே—'

இதைக் கேட்ட எந்தப் பிள்ளை தைரியமாகப் படுக்கப் போகும்? அதுவும் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

மூன்றாவது தடவை நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஒரு மனுஷியைப் பிடித்தேன். என்னைப் போலவே வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிறவள்.

3.

பிள்ளைகள் அவளைக் கூடாரத்தக்கா என்பார்கள். வேனின் பின்பக்கம் சுருட்டிய கறுப்புத் துணி, காற்றூதும் மோட்டார், புரொஜெக்டர். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் மோட்டாரைப் போட்டால் பத்து நிமிடத்தில் துணி உப்பி ஆளுயரத்துக்கு மேல் எழும்பும். ஜிப் வைத்த வாசலில் தவழ்ந்து உள்ளே போனால் வானம்.

அன்றைக்கு முப்பத்தொரு பிள்ளைகள், கடைசிப் பாடவேளை. வேட்டைக்காரன் என்கிற விண்மீன் கூட்டத்தைக் காட்டி, இவை சொந்தக்காரர்கள் போலப் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம், கோடு போட்டுச் சேர்த்தது நாம்தான் என்றாள். உடனே ஆளாளுக்குக் கோடு போட ஆரம்பித்தார்கள். 'அறுந்த செருப்பு' என்று ஒரு புதுக் கூட்டம் அங்கேயே பிறந்தது.

அடுத்து ஆறு படங்கள். வேட்டைக்காரனின் தோளில் இருக்கும் சிவப்புத் திருவாதிரையைப் போன்ற பெரிய நட்சத்திரத்தின் கதை. மேகம், குழந்தை, இளமை, வீங்கிச் சிவந்த முதுமை, வெடிப்பு, மறுபடி மேகம். இதில் ஐந்தாவதைக் காட்டக் கூடாது என்று தலைமையாசிரியை முன்னமே சொல்லியிருந்தார். போன வருடம் ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் இந்த அம்மாளின் வாயைப் பார்த்துத்தான் கூடாரத்தை அழைக்கும். அவர் முகம் சுளித்தால் வேன் வீட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அக்காவும் சரி மேடம் என்று சொல்லிவிட்டாள்.

[முதல் வரைவில் அந்தப் பிள்ளைக்கு அம்மா இறந்துபோயிருந்தாள். வாசகரை அழவைக்க மலிவான வழி. எனக்கே கூச்சமாகிவிட்டது. மூன்றாம் வரைவில் அம்மாவை உயிரோடு எழுப்பிவிட்டேன். நலமாக இருக்கிறாள், பள்ளி வாசலில் நிற்கிறாள். எழுதுகிறவனுக்கு இந்த ஒரு அதிகாரமாவது இருக்கட்டும்.]

4.

நான்காவது படம் கூடாரத்தில் பாதியை அடைத்துக்கொண்டு சிவப்பாக நின்றது. அக்காவின் விரல் பொத்தானை இரண்டு முறை அழுத்தியது. பளிச்சென்று ஏதோ மின்னி மறைந்து, ஆறாவது வந்துவிட்டது. மேகமும் அதற்குள் புதுக் குஞ்சு நட்சத்திரங்களும் அழகாகத்தான் இருந்தன. அவளுக்குத்தான் மனசு குறுகுறுத்தது. பதினோரு வருடத்தில் இந்தக் கூடாரத்துக்குள் அவள் பிள்ளைகளை ஏமாற்றியதே இல்லை.

"அக்கா, நடுவுல ஒண்ண விட்டுட்டீங்க."

முன்வரிசையில் மேல்பல் விழுந்த ஒரு சிறுமி. வாசலோரம் தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். சாப்பிடாமல் இருந்த பிள்ளை இவள்தான் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

(இந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் தேநீர் போடப் போனேன். திரும்பி வருவதற்குள் சிறுமியே பேசிவிட்டாள். சத்தியமாக நான் யோசித்தது இல்லை.)

"போன வருஷம் நட்சத்திரம் வெடிச்சுது. சூரியனும் ஒருநாள் செத்துடும்னு சொன்னீங்க. உடனே மணி அடிச்சிடுச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு யாருமே சொல்லல. அம்மாவுக்கும் தெரியல. அதான் எனக்குச் சாப்பாடே எறங்கல."

ஆக, செத்தது பிரச்சினை இல்லை. அதோடு நிறுத்தியதுதான் பிரச்சினை. தலைமையாசிரியை, இதழ்ப் பொறுப்பாளர், நான், எல்லோரும் தப்பான படத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம்.

மணியடிக்க இன்னும் நான்கு நிமிடம். அக்கா வாசல் பக்கம் பார்க்கவில்லை. ஒரு படம் பின்னால் போனாள்.

கூடாரம் முழுக்க நட்சத்திரம் வெடித்தது. பிள்ளைகள் அழவில்லை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். மூன்று தடவை வெடிக்க வேண்டியிருந்தது.

"ஆமா, செத்துப்போச்சு," என்றாள் அக்கா. "ஆனா கதை அங்க நிக்கல. வெடிச்சுச் சிதறினதெல்லாம் போய் மேகத்துல கலந்துடும். அதுல புதுசா நட்சத்திரம் பொறக்கும். நம்ம சூரியனே அப்படிப் பொறந்ததுதான். அது சின்னது, வெடிக்காது. இன்னும் ஐநூறு கோடி வருஷம் எரியும், அப்புறம் வீங்கி, மெதுவா அடங்கும். சூரியனுக்கு முன்னாடி வெடிச்சுச் செத்துப்போன நட்சத்திரங்க செஞ்சு வச்சதுதான் உன் பல்லுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து."

சிறுமி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே அவளுடைய பால்பல்.

"விழுந்த பல்லுமா?"

"விழுந்ததும்தான். மொளைக்கப்போறதும்தான்."

வீட்டுக்குப் போகிற மணி அடித்தது. முப்பத்தொரு பேரில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. எல்லோருடைய நாக்கும் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது. இருட்டில் தலைமையாசிரியையின் நாக்கும் கடைவாய்ப் பக்கம் போனது. யாருக்கும் தெரியாது, எழுதுகிறவனுக்குத் தெரியும்.

5.

எனக்குக் கொடுத்த சொற்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. என் மணியும் அடித்துவிட்டது, நானும் எழுந்திருக்கவில்லை.

முடிவு ஒன்று: தலைமையாசிரியை கடுகடுவென்று—

முடிவு இரண்டு: தலைமையாசிரியை கண்கலங்கிக் கைதட்டி— (அந்த அம்மாள் அப்படிப்பட்டவர் அல்ல.)

முடிவு மூன்று: வாசலில் சர்ரென்று ஜிப் மூடும் சத்தம் கேட்டது. மூடியவர் உள்ளே நின்றாரா, வெளியே போய்விட்டாரா? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். செத்த நட்சத்திரத்தோடு இந்தக் கதையை இதழ் வாங்கிக்கொண்டதா என்பதையும் உங்களிடமே விடுகிறேன். எதை எழுதினாலும் முப்பத்தொரு பேருக்கு விஷயம் தெரிந்தாயிற்று, இனி யாராலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளி வாசலில், நான் உயிரோடு எழுப்பிய அந்த அம்மாவிடம் சிறுமி ஓடிவந்து மூச்சுவாங்க நின்றாள்.

"அம்மா, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. எனக்குப் பசிக்குது."