இரண்டாவது மாத்திரை

பெயிண்டருக்குக் கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்ததில் அவர் மனைவிக்குத்தான் பாதி உயிர் போயிற்று. பல் போனால் போகட்டும், பின்னால் வரப்போகும் வலியை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபோது, வலிக்கென்று கொடுத்த போதை மாத்திரை மனுஷனைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அவரை மீட்டுக்கொண்டு வருவதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பல் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா பதறவில்லை.

"அந்த மாத்திரையே தேவையில்லைம்மா. சாதாரண வலி மாத்திரை ரெண்டு வகை தர்றேன். ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒண்ணுக்கொண்ணு கைகொடுக்கும். சாப்பிட்டதும், மரப்பு விலகுறதுக்கு முன்னாடியே போட்டுடணும்."

வீட்டுக்கு வந்ததும் ஆறவைத்த சூப்பைக் குடிக்கவைத்து, மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கை காலி. பரவாயில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று மெச்சிக்கொண்டாள்.

மரப்பு விலகியதும் வலி ஆரம்பித்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"முடியலடி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கும் எல்லாம் இந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்கியது. பழைய மாத்திரையைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? வேர்த்து நனைந்திருந்த சட்டையையாவது மாற்றலாம் என்று அவரை உட்காரவைத்துப் பொத்தான்களைக் கழற்றினாள். பையில் ஏதோ தட்டுப்பட்டது. மாத்திரை.

"இது என்னங்க?"

"ரெண்டாவது."

"ஏன் போடல?"

"முதல் கோட்டு பெயிண்டு காயாம ரெண்டாவது கோட்டு அடிச்சா உரிஞ்சுடாதா?"

இருபது வருஷமாகச் சுவரோடு குடித்தனம் நடத்தும் மனுஷன் வேறு எப்படி யோசிப்பார்? அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உங்க வாய் என்ன, வெள்ளையடிக்கிற சுவரா?"

அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கும் ஒண்ணு ரெண்டாச்சு. அதுக்கப்புறம்தான் நிக்கவே இல்ல. பயமா இருக்குடி."

இத்தனை நாளும் பயம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இந்த ஆளை எங்கே போய்த் திட்டுவது? அவர் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அது வேற, இது வேற. டாக்டரம்மா எல்லாம் தெரிஞ்சுதான் கொடுத்திருக்காங்க. நான் பக்கத்துலயே இருக்கேன், போடுங்க."

போட்டார். அவரைப் படுக்கவைத்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் முனகல் குறைந்தது. அப்புறம் கன்னத்திலிருந்து கை தானாக இறங்கியது. வலி அடியோடு போகவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்ளலாம் என்று கையால் ஜாடை காட்டினார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

சாயங்காலம் விழித்ததும் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார். பழைய மாத்திரையைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"வலிக்குதா?"

"லேசா. ரெண்டும் போட்டேன்ல?"

"ஆமா."

வீங்கின கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இன்னொண்ணு கேக்கணும்னு தோணவே இல்லடி."