திட்டுவதற்கு ஓர் ஆள்

சூசைமாணிக்கம் ஸ்டூலில் ஏறி நின்று உத்திரக் கொக்கியிலிருந்து தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே சவப்பெட்டி வைக்க இடம் வேண்டும். தாராவிச் சந்து வீடு, முன்னறை மொத்தமே இரண்டு பாய் அகலம்தான். நடுவில் தொங்கும் இந்தச் சனியன் எத்தனை வருஷமாக அவர் மண்டையில் இடித்திருக்கிறது! தங்கச்சி ரோஸி உயிரோடு இருந்தவரை அதைத் தொட விட்டதில்லை.

"பாத்துப்பா, ஸ்டூல் ஆடுது" என்றான் மகன் அஜின்.

"ஏல, ஸ்டூல் ஆடல. நாந்தான் ஆடுதேன். புடி."

கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒரே ஒரு முள், அடியில் பிள்ளையைப் போடுகிற துணித் தொட்டில். கையில் வாங்கிப் பார்த்தபோது முகக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. ரோஸி பொட்டு வைக்கிறவள் இல்லை. நாலு தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அவர் நகத்தால் சுரண்டப் போனார்.

"பெரியப்பா, அத எடுக்காதிய!" என்று கத்தினாள் கீதா. ரோஸியின் பால்வாடியில் உதவிக்கு இருக்கிறவள். "டீச்சரக்கா ஒட்டுனது. என் நெத்தியில இருந்து பிச்சு ஒட்டுனா."

"எதுக்குட்டி?"

கீதா சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. அழுகிறவளிடம் என்னத்தைக் கேட்க? அவர் தராசை அப்படியே மூலையில் சாய்த்தார்.

நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்தவள்தான் ரோஸி. "நெஞ்ச அடைக்கு அண்ணே" என்றாள். ஆட்டோ சந்துக்குள் வராது. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆக வேண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்து, அண்ணன் பெண்டாட்டி செத்த பிறகு அஜினை வளர்த்தாள். பகலில் இந்த முன்னறையில் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினாள், எடை போட்டாள்.

வாசலில் பால்வாடி போர்டு தொங்கியது. சர்க்கார் மாறும்போதெல்லாம் யாராவது ஒருவன் பெயிண்ட் டப்பாவோடு வந்து அதன் மேல் வேறு கலர் அடித்துவிட்டுப் போவான். சத்துமாவுப் பாக்கெட்டில் இருக்கும் மூஞ்சியும் மாறும். "மூஞ்சிதான்டி மாறுது, மாவு அதே மாவுதான்" என்று சூசைமாணிக்கம் கேலி செய்வார். "மூஞ்சிய நாம திங்கப்போறமாண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் மாவை அளப்பாள்.

சர்க்காரை அவர் நம்பியதே இல்லை. அதை அம்மாவிடம் படித்தார். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் படிக்கவில்லை.

வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் ஒரு துரைசாணி மைதானத்தில் பந்தல் போட்டு 'பேபி ஷோ' நடத்தினாளாம். அம்மா தன் தலைச்சன் பிள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் மினுக்கத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளையைத் தராசில் போட்டு எடையை ஊரறிய உரக்கச் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பரிசு ஒரு எனாமல் கப்பு. அந்த மழைக்காலத்திலேயே பிள்ளை பேதியில் போய்விட்டது. தண்ணீர் கெட்டுக் கிடந்தது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. எடையை உரக்கச் சொல்லிக் கண் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்றே சாகும்வரை சொன்னாள். வெள்ளைக்காரன் போனான். அடுத்தவன் வந்தான், அதே தராசைத் தூக்கிக்கொண்டு. அம்மா அதற்கப்புறம் பெற்ற எந்தப் பிள்ளையையும் அதில் போட விடவில்லை.

அந்த வீட்டுப் பெண்தான் பால்வாடி வேலைக்குப் போனாள். அம்மா விளக்குமாற்றால் அடித்தாள். சந்தில் இருந்த மற்றத் தாய்மாரும் அம்மா மாதிரிதான், தராசைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். ரோஸி யோசித்தாள். எடையை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணினாள். ஆனால் பிள்ளை தேறியிருக்கிறதா இல்லையா என்று தாய்க்குத் தெரிய வேண்டுமே? அதற்கு ஒரு வழி வைத்தாள். எடை கூடியிருந்தால் திட்டுவாள். "சீ கழுத, அவலட்சணம், தூக்கிட்டுப் போ!" தாய் சிரித்துக்கொண்டு போவாள். எடை கூடாவிட்டால், "என் தங்கமே, ராசாத்தி" என்று கொஞ்சுவாள். அவள் ஒரு பிள்ளையைக் கொஞ்சினால் இந்தச் சந்தில் தாய் முட்டைக்கும் மாவுக்கும் ஓடுவாள்.

அஜினும் பெண்டாட்டி ரெபேக்காவும் புறநகர் வாஷியில் குடியிருந்தார்கள்; அவள் காட்கோபரில் வளர்ந்தவள். அவளுக்கு இது தெரியாது. கைப்பிள்ளையை முதல்முதல் கொண்டுவந்தபோது ரோஸி தராசில் போட்டு, "ச்சீ, மூஞ்சியப் பாரு, பன்னிக்குட்டி" என்று ஆசையாகச் சொல்லிவிட்டாள். ரெபேக்கா முகம் சுருங்கிப் போனாள். அஜின் விளக்கிச் சொல்லியும், "சும்மா சமாளிக்காதீங்க" என்றாளாம். அதற்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிவரவே இல்லை. இன்றைக்கு வந்திருக்கிறாள். சாவு வீட்டுக்குள் பச்சைப்பிள்ளை வரக்கூடாது என்று எதிர்வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

பெட்டி வந்தது. ரோஸியை உள்ளே வைத்தார்கள். ஜெபம் நடக்கும்போது மாட்டுங்காவிலிருந்து பத்மஜா மேடம் வந்தாள், பால்வாடிகளுக்கு மேலதிகாரி. மாலையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், இப்போ பேசற விஷயம் இல்லை. ஆனா திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் போட்டாகணும். ரூம் இருக்கா, இல்லையான்னு."

"என்னைய சாருன்னு கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான். ரூம்புக்கு என்ன?"

"ரூம் இல்லேன்னா இந்தச் சந்துக் குழந்தைகளைத் தொண்ணூறடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற சென்டர்ல சேத்துடுவா."

"அந்தப் பக்கம் எவ போவா? ரோட்டத் தாண்டுததுக்குள்ள உயிர் போயிரும்."

"அதைத்தான் சொல்றேன்."

அஜின் குறுக்கே வந்தான். கையில் புதுப் பூட்டு. காலையிலேயே வாங்கிவிட்டான். "மேடம், ஸாரி. சர்வேக்காரங்க டெய்லி வாறாங்க. வாசல்ல சர்க்காரு போர்டு தொங்குனா, ரூமே சர்க்காரோடதுன்னு எழுதிட்டுப் போயிருவான். அப்புறம் நாங்க எங்க போய் லஃப்டா, சண்டை பண்றது? அத்தைக்காகத்தான் இத்தன நாளு விட்டோம். அப்பா, நீங்க சொல்லுங்க."

மகன் சொன்னதில் சூசைமாணிக்கத்துக்குத் தப்புத் தெரியவில்லை. கதவில் நம்பர் எழுத வந்தவனைத் தோல் வெட்டுகிற கத்தியைக் காட்டி விரட்டியவர் அவர். தாராவி முழுவதையும் இடித்து மாடி கட்டப் போகிறார்களாம். யாருக்கு மாடி, யாருக்குத் தெரு என்று எவன் கண்டான்?

"பயப்பட வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் பத்மஜா. "ஆனா புதுசாக் கட்டும்போது குழந்தைகளுக்கு ஒரு ரூம் வேணும்னு கேக்கணும்னா, இங்கே ஒண்ணு நடந்துண்டு இருக்கணும். பூட்டிட்டா, கேக்கறதுக்கே ஒண்ணும் இல்லை."

"கேட்டா குடுத்துருவானோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது. குடுப்பான்னு என்னால சொல்ல முடியலை."

சூசைமாணிக்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசிலிருந்து வந்த ஒருத்தர் 'தெரியாது' என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

அப்போது வாசலில் ஒரு சலசலப்பு. மூன்றாம் வீட்டு பரீஹா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இந்திக்காரி, கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தவள்.

"ஏ, பச்சப்பிள்ளைய எழவு வீட்டுக்கா தூக்கிட்டு வாறது! வெளிய போ" என்று ஒரு பெண் அதட்டினாள்.

பரீஹாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. பெட்டிக்குள் ரோஸியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உத்திரத்தைப் பார்த்தாள். கொக்கி காலியாக இருந்தது.

"சாச்சா, தராசு?"

"இன்னைக்கு ஒண்ணும் கெடையாது. போ."

"டீச்சர் இன்னிக்கு வா சொன்னா" என்றாள், தெரிந்த தமிழில். "தோ மஹினா, ரெண்டு மாசம் ஆச்சு, அதீபாவ தங்கமே, தங்கமே சொல்றா. இன்னிக்கு கழுதை சொல்லும், சொன்னா."

யாரோ சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள். பிள்ளை தாயின் தோளில் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தது. கை குச்சியாக இருந்தது. பரீஹா வேறொன்றும் கேட்காமல் சுவரோரம் நின்றாள். பெட்டியை மூடும்போது துப்பட்டாவால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள்.

சயான் கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. சூசைமாணிக்கம் மூன்று பிடி அள்ளிப் போட்டார். அழவில்லை. கையைத் தட்டிவிட்டு, "கொக்கிய இறுக்கி மாட்டலன்னா ஏசுவா" என்றார். பக்கத்தில் நின்ற அஜினுக்கு அது புரியவில்லை.

திரும்பி வந்து கால் கழுவி, கட்டங்காப்பி குடித்தார்கள். வந்த கூட்டம் கலைந்தது. அஜின் பூட்டையும் சாவியையும் அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு மெத்தைப் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தான். கீதா மாவு டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டின்னுக்குள் அந்த எனாமல் கப்பு கிடந்தது. வாய் விளிம்பெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அம்மா தூக்கி எறிந்ததை ரோஸிதான் எடுத்து மாவு அளக்க வைத்துக்கொண்டாள்.

வாசல் படியில் பரீஹா இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

"அவ போகலியா?" என்றார் சூசைமாணிக்கம்.

"எங்கிட்டு போவா?" என்றாள் கீதா. "போன மாசம் முள்ளு எங்க நின்னுச்சோ, அதுக்குக் கொஞ்சம் மேலதான் டீச்சரக்கா பொட்ட ஒட்டுனா. ஒரு மாசம் முட்டையும் மாவும் ஒழுங்காக் குடு, பொட்டத் தாண்டுச்சுன்னா கழுதன்னு சொல்லுதேன்னு சொல்லிருந்தா. பொட்டு அந்தப் பிள்ளைக்குத்தான்."

சூசைமாணிக்கம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார்.

"ஏல அஜினு. ஸ்டூலப் போடு."

"எதுக்குப்பா?"

"போடுலன்னா போடணும்."

தராசைத் தூக்கி உத்திரத்தில் மாட்டினார். கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். இறங்கியதும் வழக்கம்போல அது மண்டையில் இடித்தது.

"நீ போடு" என்றார் கீதாவிடம்.

கீதா பிள்ளையை வாங்கித் துணித் தொட்டிலில் இட்டாள். அதீபா காலை உதைத்தது. முள் அங்கும் இங்கும் ஓடியது. எதிர்வீட்டு வாசலில் ரெபேக்கா தன் பிள்ளையோடு எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். முள் ஆடி ஆடிச் சின்னதாகி, பொட்டைத் தாண்டி ஒரு கோடு போய், அங்கேயே நின்றது.

பரீஹாவுக்கு முள் பார்க்கத் தெரியாது. அவள் கீதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீதா வாயைத் திறந்தாள். மூடினாள். "பெரியப்பா, எனக்கு வரமாட்டுக்கு. டீச்சரக்கா சொல்லுத மாதிரி எனக்கு ஏச வரல. நான் சொன்னா நெசமாத் திட்டுன மாதிரி இருக்கும்."

"ஒனக்கு எதுதான் வரும்" என்றார் சூசைமாணிக்கம். வாழ்நாள் முழுக்கச் சந்தில் எல்லாரையும் திட்டியவர். தண்ணீர்க் குழாயில், கக்கூஸ் வரிசையில், ஓட்டுக் கேட்டு வந்தவனை, ஒரு ஆளை விட்டதில்லை. இப்போது செருமினார். தொட்டிலுக்குள் குனிந்தார். அதீபா அவரைப் பார்த்தது.

"சீ, கழுத!" என்றார். "என்னா கனம் கனக்கு. உத்திரமே பேந்துரும் போல. அவலட்சணம், சவத்து மூதி! ஏட்டி, தூக்கிட்டுப் போ இத!"

பரீஹா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க அவர் நிற்கவில்லை. பாயில் கிடந்த பூட்டை எடுத்து அஜினிடம் நீட்டினார்.

"இத வாஷிக்குக் கொண்டு போ. அங்கதான் களவாணிக ஜாஸ்தி."

"அப்பா, சர்வேக்காரன் வந்தா?"

"வரட்டும். வந்தவனத் திட்டுததுக்கு ஆளு வேண்டாமா? ஏட்டி கீதா, அந்த மாட்டுங்கா மேடத்துக்குப் போனு போடு. திங்கக்கெழம வரச் சொல்லு. வரும்போது ஒரு கொக்கி வாங்கிட்டு வரச் சொல்லு, இது தேஞ்சுபோச்சு."

அஜின் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பரீஹா அதீபாவைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ரெபேக்கா சந்தைக் கடந்து வந்து படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் அவரையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா" என்றாள். "இவளையும்... பாக்கலாமா?"

அவர் தொட்டில் துணியை உதறிச் சரி செய்தார். அவள் குனிந்து, பிள்ளையின் குல்லாவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அதற்குள் அவர் தராசின் முகத்துப் பக்கம் போனார். கண்ணாடியிலிருந்து பொட்டை நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தார். பசை பாதி போயிருந்தது. அதீபாவின் முள் நின்ற இடத்தை மனதில் வைத்து, அடுத்த மாசத்துக்கென்று அதற்குச் சற்றுத் தள்ளி மறுபடி ஒட்டினார். ஒட்டவில்லை. பெருவிரலை வைத்து, பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டு நின்றார்.