எலாதியோவின் நாற்காலி

முப்பத்தொரு வருடமாக நான் ஸ்பெயினில் ஒரு மாகாண சபையின் டவாலி. கூட்ட நாளில் சிவப்பு வெல்வெட் அங்கி மாட்டிக்கொண்டு வெள்ளித் தடியோடு முன்னால் நடப்பேன். மற்ற நாளில் மாடிப்படிச் சுவரில் தொங்கும் நாற்பத்தொரு தலைவர்களின் படங்களையும் துடைப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தால் சபையின் வரலாற்றைச் சொல்வதும் என் தலையில்தான். சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது.

காதிஸ் நகரத்தைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் சூழ்ந்திருந்த காலத்தில் எழுதிய அரசியல் சாசனத்தில் பிறந்தது இந்தச் சபை. அரசர் திரும்பி வந்ததும் கலைத்தார். மறுபடி வந்தது, மறுபடி கலைத்தார். பிறகு மாட்ரிடில் மேசை போட்டு உட்கார்ந்து நாட்டை மாகாணங்களாக வெட்டினார்கள். சர்வாதிகாரி காலத்தில் மேலிடம் கை காட்டியவர்தான் தலைவர். இப்போது ஜனநாயகம். ஆனால் இங்கே உட்காரும் இருபத்தைந்து பேரில் ஒருவருக்கும் மக்கள் நேராக ஓட்டுப் போட்டதில்லை. அவரவர் ஊரில் ஜெயித்த கவுன்சிலர்கள் கட்சிவாரியாகக் கூடி, பகுதிக்கு இத்தனை பேர் என்று தங்களுக்குள்ளிருந்தே அனுப்பி வைப்பார்கள். "அப்படின்னா ஜனங்க யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்று ஒரு டீச்சரம்மா கேட்டார். நான் அடுத்த படத்தைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

அதே கேள்வியோடுதான் பெனில்தே வர ஆரம்பித்தாள். அறுபத்து மூன்று பேர் வாழும் வால்செரிதோவின் ஊர்த் தலைவி. அக்டோபர் வெள்ளத்தில் அவர்கள் ஊர்ப் பாலத்தின் ஒரு தூண் சாய்ந்தது. சபை ஆட்கள் வந்து குறுக்கே கான்கிரீட் கட்டையைப் போட்டு, பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். அது மாகாண சபையின் சாலை, வேறு யாரும் கை வைக்க முடியாது. பெனில்தேயின் அண்ணன் சதூரியோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி இங்கே தலைநகர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பாலம் இருந்தால் அரை மணி நேரம். இல்லையென்றால் மலையைச் சுற்றி ஒரு மணி நாற்பது நிமிடம். பனி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரன் அந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறான். அவளே தன் பழைய வண்டியில் ஓட்டி வருவாள். அண்ணன் இயந்திரத்தோடு கிடக்கும் நாலு மணி நேரம், செவ்வாய்தோறும் எங்கள் மாளிகையில் கழியும்.

"இன்னிக்காவது எவனாவது இருக்கானா மெலித்தோன்?"

"இருக்காங்க தலைவரம்மா. காபி குடிக்கப் போயிருக்காங்க."

"போன வாரமும் இதே காபிதானேய்யா? இன்னும் ஆறலியா?"

சிரிப்பாள். முதல் மாதம் சிரித்தாள் என்று சொல்ல வேண்டும். சாலைக் குழுவில் ஒருவரைப் பிடித்தால், "உங்க பகுதி உறுப்பினர் மூலமா வாங்கம்மா" என்பார். எந்தப் பகுதி? கோர்ட்டு எல்லையை வைத்துத்தான் பகுதி பிரித்தது. அவள் ஊருக்குரிய நீதிமன்றத்தை எண்பத்தெட்டில் மூடி ஆற்றுக்கு அக்கரையோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் சபைக்கு ஆள் அனுப்பும் கணக்கு இன்னமும் எழுபத்தொன்பதாம் வருடத்துப் பட்டியல்படிதான். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இக்கரைக்காரர்கள், "உங்க கோர்ட்டு அக்கரையில இருக்கு, அங்க போங்க" என்றார்கள். அக்கரைக்காரர்கள், "எங்க பட்டியல்ல உங்க ஊரே இல்லையே" என்றார்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அவளைப் பந்தாடினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் நானே ஆவணக் காப்பகத்துக்கு ஏறி, எழுபத்தொன்பதாம் வருடத்துப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்து வந்தேன். வால்செரிதோ இக்கரையில்தான் இருந்தது. அந்தப் பகுதியின் உறுப்பினர் தோர்ரெமெல்லா ஊர்க் கவுன்சிலர் எலாதியோ. பன்றி வளர்ப்பவர், பெரிய தொண்டை, நல்ல மனசு, மூக்கு நுனியில் கோபம்.

பட்டியலைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியத் தேய்ச்சிட்டிருக்கேன், இது என் ஊருன்னு ஒருத்தனும் சொல்லலியே! ஏம்மா, நீங்களாவது வந்து சட்டையப் பிடிச்சிருக்கக் கூடாதா?"

"இப்ப பிடிச்சிருக்கேன். விடறதா இல்ல."

மார்ச் மாதக் கூட்டத்தில் நாலு வருடச் சாலைத் திட்டம் ஓட்டுக்கு வரும். அதில் பாலத்தைச் சேர்க்க எதிர்க்கட்சி திருத்தம் கொண்டு வந்தது. அவர்கள் பன்னிரண்டு பேர். ஆளும் கட்சி பதிமூன்று, எலாதியோ அதில் ஒருவர். அவர் கை தூக்கினால் பதிமூன்றுக்குப் பன்னிரண்டு, பாலம் வந்துவிடும். சபைத் தலைவர் அவரைத் தனியே கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தார். "அறுபத்து மூணு பேருக்கு ஒரு பாலமா?" என்றாராம். "அறுபத்து நாலாவது ஆளா நீங்க போய்க் குடியிருந்து பாருங்க" என்று கத்திவிட்டு வெளியே வந்தார் எலாதியோ. அன்று அவருக்கு ஓவர்கோட்டை நானே பிடித்து மாட்டிவிட்டேன்.

கூட்ட நாள் காலை பெனில்தே நீலக் கோட்டு போட்டு வந்து பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எலாதியோவும் வந்தார். வாசலிலேயே சபைச் செயலர் வழிமறித்தார்.

"நீங்க உள்ள போக முடியாதுங்க."

"ஏன்?"

"வியாழக்கிழமை தோர்ரெமெல்லா ஊர் மன்றத்துல ராஜினாமா எழுதிக் கொடுத்தீங்களே?"

நடந்தது இதுதான். ஆகஸ்டு திருவிழாவுக்கு எந்த பேண்டு வாத்தியக் குழுவைக் கூப்பிடுவது என்று அவருக்கும் அவருடைய சித்தப்பா மகனான ஊர்த் தலைவருக்கும் வாய்ச்சண்டை. கோபத்தில் ஒரு தாளைக் கிழித்து ராஜினாமா எழுதி மேசையில் அறைந்தார். அவர்களும் சந்தோஷமாக அப்போதே பதிவு செய்துகொண்டார்கள்.

"நான் ஊர்க் கவுன்சிலர் பதவியத்தானே விட்டேன்! இத விடலியே!"

"அது இருந்தாத்தாங்க இது. அது போனா இதுவும் போச்சு."

"சரி, ராஜினாமாவத் திருப்பி வாங்கிக்கறேன்."

"வாங்க முடியாது. அடுத்த ஆளுக்கு மாட்ரிட்லேருந்து சான்றிதழ் வரணும். ரெண்டு மாசமாவது ஆகும்."

பன்னிரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்கு அது எதன் மேல் நிற்கிறது என்று தெரியவில்லை. ஒரு டிரம்பெட்டுக்காக! கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அவரோ சுவரில் சாய்ந்து அழுதார், அறைவதற்கும் வழியில்லை.

உள்ளே ஓட்டெடுப்பு நடந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சமமானால் இன்னொரு முறை எடுக்க வேண்டும், அதுவும் சமமானால் தலைவர் பக்கம்தான் முடிவு. இரண்டாவது ஓட்டுக்கு முன்னால் பெனில்தே பெஞ்சிலிருந்து எழுந்தாள். கயிற்றுத் தடுப்பைத் தூக்கிவிட்டு வந்து, எலாதியோவின் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலைவர் மணியை அடித்தார். "அம்மா, அது உங்க இடம் இல்ல."

"இல்லதான். எங்க ஊருக்காக அனுப்பின ஆள் வாசல்ல அழுதுட்டிருக்கார். அவர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். எங்கண்ணனுக்கு ரெண்டு மாசம் காத்திருக்கற உடம்பு இல்லீங்க. அத மட்டும் யாராவது எழுதிக்குங்க."

"மெலித்தோன்! அந்தம்மாவ வெளிய கூட்டிட்டுப் போ."

நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தண்ணீர் வைப்பது என் வேலை. ஜாடியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கிளாஸ் நிரப்பி அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். தலைவர் அவளைப் பார்க்காமலேயே ஓட்டுக்கு விட்டார். பன்னிரண்டு, பன்னிரண்டு. திருத்தம் தோற்றது என்று அவர் சொன்னதும் அவளாகவே எழுந்து, "ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள்.

ஏப்ரலில் சதூரியோவுக்கு ஒரு அறை கிடைத்தது, தலைநகரத்து முதியோர் இல்லத்தில். அந்த இல்லம் எங்கள் சபை நடத்துவது. வழியில் மயங்கி விழுந்த பிறகு வேறு வழியில்லை என்று டாக்டரே எழுதிக்கொடுத்தார். பிறந்த ஊரில் சாகவேண்டும் என்று இருந்த மனுஷன். அவரைச் சேர்த்த நாளில் தலைவர் பூங்கொத்தோடு போய்க் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் சதூரியோ தலைவரைப் பார்க்கவில்லை, பெட்டியை இறக்கும் தங்கையைப் பார்க்கிறார்.

பெனில்தே போனில் கூப்பிட்டாள். "இனிமே செவ்வாக்கிழமை வரமாட்டேன் மெலித்தோன். ஊர்ல அறுபத்து ரெண்டு பேர்னு பதிவேட்டுல மாத்தி எழுதிட்டேன்."

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கீழே பொன்னெழுத்தில் "இருநூறு ஆண்டுகளாகச் சிற்றூர்களின் பக்கத்தில்" என்று எழுதியிருக்கிறது. மாடிப்படிச் சுவரில் மாட்டச் சொல்லித் தலைவர் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். ஆணி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆணி டப்பா என் அங்கிப் பையில்தான் இருக்கிறது.