ஆறுச்சாமியின் தாகம்

1994-ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, மாட்டுத் தரகர் ஆறுச்சாமியின் குடித்தாகம் அவர் உடம்பை விட்டு இறங்கி, குடிநோய் மறுவாழ்வு மையத்தின் வார்டுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த கோகிலவாணியின் உடம்புக்குள் போனது. அவருக்கு வயது நாற்பத்தொன்று, அவளுக்கு இருபத்திரண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் அப்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

கோகிலவாணி அன்னூர்ப் பக்கம் கடலைக்காடு வைத்திருந்தவர் மகள். கோயமுத்தூரில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தவள், உடன் படித்த ஐந்து பேரோடு குடிநோய் ஆலோசகர் சான்றிதழுக்காக அந்த மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். பயிற்சியை நடத்திய சென்னகிருஷ்ணன், பீளமேட்டில் இருந்த தன் லேத் பட்டறையைக் குடித்தே தீர்த்துவிட்டு, குடியை நிறுத்தி ஒன்பது வருடம் ஆனவர். பாடத்தில் முக்கியமானது நடிப்பு. ஒரு மாணவர் குடிப்பவராக நாற்காலியில் உட்காருவார், இன்னொருவர் ஆலோசகராக எதிரே உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும் மற்றவர்கள் சுற்றி நின்று, நடித்தவரை அவருடைய சொந்தப் பெயரால் மூன்று முறை கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் யாரும் அந்த நாற்காலியை விட்டு எழக்கூடாது. மாணவர்கள் இதற்குச் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணன் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

அந்தியூர்ச் சந்தையில் விழுந்து கிடந்து மையத்துக்கு வந்து சேர்ந்த ஆறுச்சாமியின் கதையை மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியவள் கோகிலவாணிதான். நடிப்புக்குக் கற்பனை ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று விதி இருந்தும் அன்று அவள் அவரையே எடுத்துக்கொண்டாள். அத்தனை நன்றாகச் செய்ததில், ஆலோசகராக உட்கார்ந்த முஸ்தபா கேள்விகளை மறந்துபோய், "அப்பறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வார்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. எல்லோரும் ஓடினார்கள். அவளும் எழுந்து ஓடினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

சாயந்திரம் ஆறு மணிக்கு விடுதியில் அவள் கை நடுங்கியது. அவள் பார்த்தே இராத ஒரு பிராந்திக் கடையின் பச்சைத் திரையும், உப்பும் மிளகாயும் தூவிய மாங்காய்த் துண்டும் பிறந்த வீட்டு வாசல் போல நினைவுக்கு வந்தன. தொண்டைக்குள் ஓர் ஆண் செருமினான். மறுநாள் வகுப்பில், துப்பட்டாவுக்கு அடியில் அவள் கை பக்கத்தில் இருந்த கனகத்தின் விரல்களைப் பிடித்து, தரகர்கள் துண்டுக்குள் விலை பேசுவது போல ஒவ்வொன்றாக அமுக்கியது. "ஏண்டி, என்ன பண்றே?" என்றாள் கனகம். "காங்கயம் காளை ஒரு சோடி. முடிஞ்சுதுங்க" என்ற கோகிலவாணி, அதைச் சொன்னது யார் என்று தானும் திரும்பிப் பார்த்தாள். அதே நேரம் வார்டில் ஆறுச்சாமி மூன்றாவது தட்டு இட்லி கேட்டார். மற்றவர்கள் பிராந்தியைப் பற்றிப் பேசியபோது, கடல் தாண்டிய தேசத்தின் கதையைக் கேட்பவர் போலக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அவர் மனைவி செல்லாத்தாள் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். எழுந்து நின்ற புருசனைத் தாண்டி நேராகப் போய்க் கோகிலவாணியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்ட ஆளில்லாம நான் ஊட்டுல கெடந்து சாகறேன். நீங்க இங்க சுடிதாரப் போட்டுட்டு ஒய்யாரமா உக்காந்திருக்கறீங்களாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. செல்லாத்தாள் பின்னால் திரும்பி ஆறுச்சாமியைக் காட்டி, "இந்த அண்ணன் ஆருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஆறுச்சாமி அழத் தொடங்கினார். அந்த அழுகையை வைத்துத்தான் அவளால் அவரை அடையாளம் காண முடிந்தது.

சென்னகிருஷ்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. திங்கட்கிழமை காலை அதே நாற்காலியில் கோகிலவாணியை உட்காரவைத்து, மாணவர்களைச் சுற்றி நிறுத்தினார். செல்லாத்தாள் கதவோரம் நின்றாள். இன்னும் ஒரு குவாட்டர் உள்ளே போனால் ஆறுச்சாமியின் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் தடவை கூப்பிட்டார்கள். கோகிலவாணிக்குக் காய்ச்சல் விட்டது போல உடம்பு லேசானது. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். நான்கு நாளாகக் கனத்துக் கிடந்த நாக்கு அவளுடையதாகவே ஆயிற்று. மூன்றாவதற்காக அவள் தவித்துக் காத்திருந்தபோது வார்டு உதவியாளர் ஷேக் பரீத் உள்ளே வந்தார்.

"சார், ஆறுச்சாமி எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. பிராந்திக் கடை எத்தன மணிக்குத் தொறப்பாங்கன்னு கேக்கறாருங்க."

செல்லாத்தாள் தூக்குப்போசியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க சார்" என்றாள் கோகிலவாணி. "அவருக்கு ஈரல் போயிருச்சு. எனக்கு நல்லாத்தானுங்களே இருக்குது."

"கண்ணு, இது ஒரு நாள் ரெண்டு நாளு இல்ல. சாகற முட்டும் கூடவே இருக்கும்."

"தெரியுங்க சார். பரீட்சைல ரெண்டு தடவ எழுதியிருக்கறேன்."

பத்து நிமிடத்தில் தாகம் அவளிடம் திரும்பி வந்து, நாய் தன் இடத்தில் சுற்றிப் படுப்பது போலப் படுத்துக்கொண்டது. வார்டில் ஆறுச்சாமி மோர் கேட்டார். செல்லாத்தாள் அவள் கையைப் பிடித்து, "உனக்கு ஒரு கலியாணங்காச்சி ஆக வேண்டாமா அம்மணி?" என்றாள். "ஆவுட்டுங்க. வாரவருகிட்ட முன்னாடியே சொல்லிப்போடறேன்" என்றாள் கோகிலவாணி.

மற்ற ஐந்து பேரும் அந்த வருடமே சான்றிதழ் வாங்கினார்கள். குடிநோய் உள்ளவர் இரண்டு வருடம் குடிக்காமல் இருந்தால்தான் ஆலோசகர் ஆகலாம் என்று விதி இருந்ததால் கோகிலவாணியை 1996 வரை நிறுத்திவைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த தேர்வாளர்கள் இருவரும் அவளிடம் கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டார்கள். 1994 ஆகஸ்ட் பத்தாம் தேதி, அந்தியூர்ச் சந்தையில், குதிரைகள் கட்டியிருந்த வரிசைக்குப் பின்னால் என்றாள். தான் அப்போது அன்னூரில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். அவர்கள் தேதியை மட்டும் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். மறு வருடம் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அப்பா, நட்சத்திரம் சொல்லும் அதே குரலில், பொண்ணுக்குக் குடி உண்டு, ஆனால் குடிக்க மாட்டாள் என்றார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்ததாக ராசியைக் கேட்டார்கள்.

அதே மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் கை நடுங்கும்போது மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மையத்துக்கு வருகிறவர்கள் அவளிடம் பொய் சொல்வதில்லை.

மாதத்தின் முதல் புதன்கிழமை ஆறுச்சாமி வெள்ளை வேட்டியில் அந்தியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து அவள் எதிரில் உட்காருவார். மாடு, மழை, செல்லாத்தாளின் முட்டிவலி எல்லாம் பேசி முடிந்த பிறகு, சற்றுக் கூச்சத்தோடு கேட்பார்.

"ஏனுங்க அம்மணி, நான் எப்படிங்க இருக்கறேன்?"

கோகிலவாணி எச்சிலை விழுங்கிக்கொண்டு சொல்வாள்.

"போன வாரம் கொஞ்சம் சிரமப்பட்டுட்டீங்க. ஆனா குடிக்கலீங்க."

"நல்லதுங்க" என்று எழுந்து, ஆறுச்சாமி கோபி வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நடப்பார்.