கையெழுத்திட்ட தேதி

ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பதிந்து அச்சடிக்கும் மென்பொருள் அவளுடைய அண்ணன் எழுதியது. அண்ணன் மாரடைப்பில் போய்ப் பத்தொன்பது நாள். ஐந்தாம் நாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்; அவளுக்குத்தான் எதுவும் வரவில்லை.

அன்று காலை, அந்த மென்பொருளின் புதிய பதிப்பு என்று ஒரு மின்னஞ்சல். பக்கத்து இருக்கைக்காரர் அதற்குள் கோப்பைத் தரவிறக்கியிருந்தார்.

“வைரஸ் சோதனை பண்ணிட்டேன். டிஜிட்டல் கையெழுத்தும் செல்லும்னு காட்டுது. எல்லா மெஷின்லயும் போட்டுடலாமா?”

“இருங்க, நானும் ஒரு கண்ணு பார்த்துடறேன்.”

கோப்பை அனுப்பியது அண்ணன்தான் என்று உறுதி சொல்லும் அந்தக் கையெழுத்தின் விவரத்தைத் திறந்தாள். கையெழுத்திட்டவர்: அண்ணன் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. கீழே தேதி, கடந்த செவ்வாய்.

விரல்விட்டு எண்ணினாள். அவன் போன பன்னிரண்டாம் நாள்.

“போடாதீங்க.”

“ஏன், சரின்னுதானே காட்டுது?”

“பூட்டு உடையல. சாவிதான் வேற யார் கையிலயோ இருக்கு. எங்க அண்ணன் போனப்புறம் போட்ட கையெழுத்து இது.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அவள் அண்ணியை அழைத்தாள். “அண்ணி, அண்ணனோட லேப்டாப் எங்க?”

“திறக்கவே தெரியலம்மா. போட்டோவெல்லாம் எடுத்துத் தரச்சொல்லி ரிப்பேர் கடையில குடுத்திருக்கேன்.”

“அண்ணன் கையெழுத்துப் போடற சாவி, பென்டிரைவ் மாதிரி ஒண்ணு செருகியிருக்குமே?”

“அதோடதான் குடுத்தேன். பாஸ்வேர்டைக்கூட அவர் அதுலயே ஒட்டி வெச்சிருந்தாரு. ஏம்மா, தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்ல அண்ணி, சும்மா கேட்டேன். சாப்பிட்டீங்களா?”

அடுத்து, அந்தக் கையெழுத்துக்குச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தை அழைத்தாள். ரத்து செய்ய உரிமையாளர்தான் கேட்க வேண்டும் என்றது ஒரு பெண்குரல்.

“அவர் இல்லைங்க.”

“எப்ப வருவார்?”

“இறந்துட்டார்.”

இறப்புச் சான்றிதழை அனுப்பினாள். போலீசுக்கும் எழுதினாள், கடையின் முகவரியோடு. நான்கு மணிக்குக் கோப்பை மறுபடி திறந்து பார்த்தாள். அதே பெயர். பக்கத்தில், சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது, நம்ப வேண்டாம் என்று இருந்தது. இரண்டு முறை படித்தாள். யாரைப் பற்றியோ படிப்பது போலிருந்தது.

இதே மென்பொருள் இன்னும் மூன்று ஆய்வுக்கூடங்களில் ஓடியது. பக்கத்து இருக்கைக்காரர் அங்கெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு இடத்துல போடல. மூணாவது இடத்துல போனையே எடுக்க மாட்டேங்கறாங்க.”

“நம்பரைக் குடுங்க,” என்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்காமல் காதிலேயே பிடித்திருந்தாள்.