பதினோராவது குழி

“எண்ணித்தான் யக்கா ஏத்துனேன். பதினொண்ணு. ஒண்ணொண்ணா கைய வெச்சி எண்ணுனேன்.”

“பதினொண்ணாவது இன்னான்னு பாத்தியா? பிளாஸ்டிக்கு, பாபு. எவங்க வூட்டு ஷோகேஸ்ல இருந்ததோ, அத்த ஏத்திகினு வந்துகீற. என் நந்தியாவட்டைய அங்கயே வுட்டுட்ட.”

“பொகையில இன்னா தெரியும்? பச்சையா நின்னுகினு இருந்துச்சி. தூக்கிப் போட்டேன்.”

“என் செடி தானா ஏறுமே. தூக்கும்போதே தெரிய வேணாவா உனுக்கு?”

டில்லிபாபு, விம்கோ நகர் தாண்டி, கடல் பக்கம் போகும் சாலையில் இருந்த ஒற்றை வண்டித் தீயணைப்பு நிலையத்தின் ஓட்டுநர். அவனைக் கேட்ட எழில்மொழி, அந்த நிலையத்தின் தோட்டத்தைச் சம்பளமில்லாமல் பராமரித்தவள். மணி அடித்தால் அந்தத் தோட்டத்துச் செடிகள் வேரை உருவிக்கொண்டு வண்டியில் ஏறித் தீ எரியும் இடத்துக்குப் போய்விடும் என்பது அதற்குள் அந்தப் பக்கத்தில் பழைய செய்தியாகியிருந்தது.

தோட்டம் 2021 ஆடியில் தொடங்கியது. காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் என்று தேடிப்போய்ச் செடி வைக்கும் ஒரு குழு வந்தது. பேனர் கட்டிப் படம் எடுத்த ஞாயிறன்று இருபத்திரண்டு பேர். அடுத்த ஞாயிறு ஆறு பேர். புரட்டாசி பிறப்பதற்குள் எழில்மொழி ஒருத்திதான் மிஞ்சினாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கன்டெய்னர் யார்டின் எடைமேடையில் லாரி எண்களைத் தட்டச்சு செய்யும் வேலை. அம்மா இறந்து, தம்பி குடும்பம் ஆவடிக்குப் போன பிறகு தண்டையார்பேட்டை வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். சனிக்கிழமை மாலை யார்டில் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை வரை அவள் வாயிலிருந்து வேறு சொல் வராது. அம்மாவின் நந்தியாவட்டை மட்டும் ஒரு தொட்டியில், அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பி வெயிலை மறைத்தபோது அதைத் தொட்டியோடு மின்சார ரயிலில் தூக்கிவந்து, நிலையத்தில் பதினோராவது செடியாகச் சேர்த்தாள்.

உப்புக்காற்று தளிரைக் கருக்கிவிடும் என்று, முதல் நாற்பது நாள் பதினொரு செடிகளையும் வண்டிக் கொட்டகைக்குள், பின் சக்கரத்தின் ஓரமாக வரிசையாக வைத்திருந்தாள். அவள் செய்த தவறு அதுதான். நாற்பது நாளும் அவை மணிச்சத்தத்தைக் கேட்டும், பிசைந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் ஓடுவதைப் பார்த்தும் வளர்ந்தன. மண்ணில் இறக்கிய மூன்றாம் நாள், ஒரு பழைய டயர்க் கிடங்கில் தீ என்று மணி அடித்தது. அரளி, செம்பருத்தி, நொச்சி, இட்லிப்பூ எல்லாம் வேரை உதறிக்கொண்டு, சிமென்ட் தரையில் ஈரத்தடம் பதிய நடந்துபோய்ப் பின்படியில் ஏறின. இறக்கிவிட நேரமில்லை. வண்டி ஒரு நிமிடத்துக்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும். திரும்பி வந்ததும் நிலைய அலுவலர் மனோகரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். செடிகள் வரக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. மறுநாள் முதல் காலை வருகை அழைப்பில் ஆட்களுக்குப் பிறகு செடிகளையும் எண்ணச் சொன்னார். தினசரி பம்பு சோதனையில் வீணாகப் பீய்ச்சும் தண்ணீரைக் குழிகளின் பக்கம் திருப்பச் சொன்னார்.

தீயிடம் செடிகளுக்கு வேலை இல்லை. நெருப்பு அடங்கி, ஓஸ் குழாயைச் சுருட்டும் நேரத்தில்தான் அவை இறங்கும். எரிந்த வீட்டுக்காரர்கள் ரோட்டில் கரிப்பிடித்த குடத்தோடும் பாதி எரிந்த ரேஷன் கார்டோடும் உட்கார்ந்திருப்பார்கள். செடிகள் ஆளுக்கொருவர் பக்கத்தில் போய் நிற்கும். கொஞ்சம் நிழல், கொஞ்சம் வாசனை, அவ்வளவுதான். அழுகை ஓய்ந்ததும் வந்து ஏறிக்கொள்ளும். தெருமுனையில் சைரன் கேட்டாலே, “தோட்டம் வந்துட்சி, ஒத்து மாமு!” என்று பையன்கள் கூட்டத்தை விலக்குவது வழக்கமானது.

அதுவரை நிலையத்தில் எழில்மொழி தனியாக இருப்பாள். ஆட்களும் இல்லை, வண்டியும் இல்லை, செடிகளும் இல்லை. குழிகள் காயாமல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு, யாரோ பாதி குடித்து வைத்த டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டி திரும்பியதும் நந்தியாவட்டை கடைசியாக இறங்கும். அதன் இலையில் படிந்த கரியைத் தன் துப்பட்டாவால் துடைப்பாள். மூன்று வருடம் இப்படிப் போனது.

நந்தியாவட்டை வராத வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் செடியைப் பையில் போட்டுக்கொண்டு தீ எரிந்த சந்து வரை தேடிப் போனாள். அது அவள் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. பத்தொன்பது வருடமாக பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்தச் சந்து முனையைத் தாண்டியிருக்கிறாள், உள்ளே போனதில்லை. கருகிய ஒற்றை அறையின் வாசலில் ரஹீமுன்னிசா என்ற தையல்காரப் பெண், துணி இல்லாத தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடப்பைக்கல் இடுக்கில் நந்தியாவட்டை வேர்விட்டு, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இது உங்க பிளாஸ்டிக்கா?” என்று எழில்மொழி பையை நீட்டினாள்.

“என்னுதுதான்கா. தண்ணி ஊத்துற பேஜாரு இல்லன்னு வாங்குனேன்.” ரஹீமுன்னிசா சிரித்தாள். “இப்ப பாரு, இதுக்கு மூணு வேள ஊத்துறேன். அன்னிக்கு எல்லாரும் பூட்டாங்கக்கா. இது மட்டும் நின்னுச்சி.”

எழில்மொழி குனிந்து, “வா, வூட்டுக்குப் போலாம்” என்றாள். செடி இலையை அசைத்தது, வேரை எடுக்கவில்லை. வேலை முடியாமல் வண்டியில் ஏறக்கூடாது என்பதையும் அது கொட்டகையில்தான் கற்றிருந்தது. அவளுக்கு அது உடனே புரிந்தது. டீ போடுகிறேன் என்று எழுந்த ரஹீமுன்னிசாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யாராவது தடுக்கி விழுவார்கள், பதினோராவது குழியை மூடிவிடலாம் என்றார் மனோகரன். எழில்மொழி சம்மதிக்கவில்லை. மண்வெட்டியோடு யாரும் வந்துவிடாதபடி, தினமும் யார்டுக்குப் போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் நின்றுகொண்டாள். பம்பு சோதனைத் தண்ணீர் மற்ற குழிகளில் விழுவதுபோல அவள் கணுக்காலிலும் விழுந்தது. மூன்றாம் வாரம் காலைத் தூக்கியபோது விரலிடுக்குகளில் வெள்ளை நூல்கள் மண்ணைப் பிடித்திருந்தன. வலிக்கவில்லை. அவற்றைக் கழுவித் துடைத்துச் செருப்பு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். எடைமேடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐப்பசியில், மாற்றலாகி வந்த தீயணைப்பு வீரன் பகலவன் முதல் நாள் வருகை அழைப்பில் ஆட்களை எண்ணி, செடிகளை எண்ணி, “பதினொண்ணு சார்” என்றான். மனோகரன் நிமிர்ந்து பார்த்தார். குழியில் நின்றவளும் அவரைப் பார்த்தாள். அவர் பதினொன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அந்த எண்ணிக்கையை யாரும் திருத்தவில்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரைக்கு, எண்ணூர் பக்கம் குடிசைகளில் தீ என்று மணி அடித்தது. ஆட்கள் ஓடினார்கள். பத்துச் செடிகளும் வேரை உதறிக்கொண்டு ஏறின. எழில்மொழி ஒரு காலை உருவினாள், பிறகு இன்னொரு காலை. சிமென்ட் தரையில் ஈரத்தடம் பதிய நடந்து ஓட்டுநர் கதவருகே வந்து நின்றாள். டில்லிபாபு சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. செம்பருத்திக்கும் நொச்சிக்கும் நடுவில் ஒரு செடி நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

“பாபு, பதினொண்ணாவது எடம் காலியாத்தான கீது. என்னியும் ஏத்திகினு போயேன்?”