பனி விழுமென்று தெரிந்தவர்

நுவரெலியாவுக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பூ என்றால் அழகுமுத்துதான். இருபத்திரண்டு வருஷமாகத் துரை பங்களாவில் பூப்பாத்தி பார்க்கிறவர். ஏப்ரல் மாதத்துப் பூக்கண்காட்சியில் துரை வாங்கிய கோப்பையெல்லாம் யார் கையால் வந்தவை என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான், மகள் ஜீவராணி தன் பங்குனிக் கல்யாணத்துப் பூவுக்கு மீனம்மாவிடம் போய் நின்றபோது அவருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மீனம்மா சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், கொழுந்தெடுக்கிறவள். புருஷன் தவறிப் போன பிறகு, லயத்துக்குக் கீழே ஓடைக்கரைப் பள்ளத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி டேலியாவும் செவ்வந்தியும் போட்டிருந்தாள்.

“நான் ஒருத்தன் இருக்கையில அவகிட்ட ஏன் போற?”

“நீங்க வளக்குறது தொரையோட பூப்பா. ஒவ்வொண்ணுக்கும் அவுங்க வாசல்ல நிக்கணும். மீனம்மா அத்தைகூடச் சேந்து நானே நட்டு வளத்த பூவுல மாலை கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு.”

கார்த்திகையிலிருந்து ஜீவராணி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை முடிந்ததும் நேரே பள்ளத்துக்குத்தான் இறங்கினாள். பங்களாவிலிருந்து வரும் வழியில் நின்று அழகுமுத்து பார்ப்பார். இரண்டு பேரும் சாணத்தைக் கரைத்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாற்றை எப்படி ஊன்றுவது என்று மகள் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மாசியில் டேலியா தட்டுத் தட்டாகப் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை லயமே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. “மீனம்மா கைராசிக்காரிதான்” என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், அவர் மனைவி காளியாயி.

“எரு சாஸ்தி. தண்டு ஒடியும், பாரு” என்றார். ஒரு தண்டும் ஒடியவில்லை. அதில் அவருக்கு இன்னும் எரிந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், பொழுது சாயும் நேரத்தில் காற்று பட்டென்று நின்றது. வானத்தில் பொட்டு மேகமில்லை. காதுமடல் சில்லிட்டது. மாசிக் கடைசியில் உறைபனி அபூர்வம், ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பங்களாப் பாத்திகளுக்கெல்லாம் சாக்கும் காய்ந்த புல்லும் போட்டு மூடிவிட்டு ஓடைப் பக்கமாக வந்தார். மீனம்மாவும் ஜீவராணியும் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்னண்ணே, இன்னைக்கு இப்புடிக் குளுருது?” என்றாள் மீனம்மா.

ஒரு வார்த்தை போதும். குளிர் வந்து தேங்குகிற பள்ளம் அது. பத்துச் சாக்கு இருந்தால் மூடிவிடலாம். அவர் வாயும் திறந்தது.

“மாசி இல்லையா, குளுரத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு மேலேறிப் போனார்.

விடிந்தபோது பள்ளம் முழுக்க உப்புக் கொட்டினதுபோல் வெளுத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் டேலியாக்கள் வெந்த கீரையாகக் கறுத்துத் தொங்கின. மீனம்மா பாத்தி நடுவில் குந்திவிட்டாள். தப்பித்த பூ ஏதும் கிடைக்குமா என்று பங்களாப் பக்கம் ஓடிய ஜீவராணி வெறுங்கையோடு திரும்பி வந்து, பாத்தியோரம் வந்து நின்றிருந்த அப்பாவின் எதிரில் நின்றாள்.

“அங்க எல்லாப் பாத்தியும் சாக்குப் போட்டு மூடியிருக்கு. யாருப்பா மூடுனது?”

“நான்தான்.”

“அப்ப நேத்தே ஒங்களுக்குத் தெரியும்.”

மீனம்மா நிமிர்ந்து, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

“தொரைகிட்ட கேட்டு வண்டி நெறயப் பூ கொண்டாறேம்மா” என்றார் அவர். மகள் மீனம்மா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

சொன்னபடியே கொண்டுவந்தார். கோயில் பந்தலெல்லாம் பங்களாப் பூ. வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். மகளின் கழுத்தில் மட்டும் மெலிந்த மாலையொன்று கிடந்தது. பாத்தியின் மேட்டோரத்தில் கருகாமல் மிஞ்சிய செவ்வந்திகளை, நடுநடுவே இலை வைத்து மீனம்மா கட்டியது. எல்லோரும் பந்தலைப் பார்த்தார்கள். அவரால் அந்த மாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஜீவராணி காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “வாறேன்பா” என்ற ஒரே சொல்லோடு மாப்பிள்ளை ஊரான வட்டவளைக்கு வண்டி ஏறினாள்.

அடுத்த ஞாயிறு மீனம்மா மண்வெட்டியோடு பாத்தியில் நின்றாள், டேலியாவை வெட்டியெடுத்துவிட்டு மரக்கறி போடுவதற்காக. அழகுமுத்து பாதையில் சற்று நேரம் நின்றார். பிறகு இறங்கினார்.

“வெட்டாத தங்கச்சி. மேலதான் கருகியிருக்கு. உள்ள கெழங்கு உசுரோட கெடக்கும், திரும்பத் தழைக்கும்.”

அவள் மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தாள். கிழங்கு கெட்டியாக இருந்தது.

“இதையாவது சொல்லணும்னு தோணுச்சே” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி மண்ணைத் தள்ளி மூடினாள்.

அடுத்த மாசியில் அவள் டேலியா பூத்து நிற்கும், லயம் மறுபடி இறங்கிப் பார்க்கும். அதை நினைத்தபோது அவருக்கு இப்போதும் வயிறு எரியத்தான் செய்தது. எரிச்சலோடேயே குனிந்து, கருகிய தண்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட ஆரம்பித்தார்.